உச்சிக்குப் போன கூழாங்கல்

பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டிப் போகும் சரளைப் பாதையில் குண்டுமணி அளவு கூழாங்கல் ஒன்று கிடந்தது. மலை உச்சியில் பிறந்த கல் அது. ஆறுதான் அதை அங்கிருந்து உருட்டிக்கொண்டு வந்து இங்கே ஒதுக்கிவிட்டிருந்தது.

"வீட்டுக்குப் போகணும்" என்று கல் சொல்லும்போதெல்லாம் ஆறு சிரிக்கும்.

"என்கூட கீழே வந்தவன் எவனாவது திரும்பி மேலே போயிருக்கானா? பேசாம கிட."

ஒருநாள் காலையில் ஒரு சைக்கிள் வந்தது. கல் அதன் டயர் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது.

"யாருடா அது, குத்துறது?" என்றது டயர்.

"நான்தான் அண்ணே, கூழாங்கல். எங்கே போறீங்க?"

"உச்சிக்கு. மோசமான ஏத்தம். ஒவ்வொரு சுத்துக்கும் உன் மண்டை தரையில இடிக்கும். இப்பவே இறங்கிடு."

"இடிக்கட்டும் அண்ணே. நீங்க நிக்காம போங்க."

டக், டக், டக். மூங்கில் காடு போயிற்று. மரப்பாலம் போயிற்று. பாதை ஏற ஏற, பக்கத்தில் ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் ஓடையாகி மெலிந்துகொண்டே வந்தது. கல்லுக்கு ஒரு மூலை உடைந்தது. பிடியை விடவில்லை.

உச்சியில் சைக்கிள்காரி இறங்கினாள். டயரில் இருந்த கல்லை நெம்பி எடுத்து, சும்மா வீசினாள். அது ஊற்றின் வாயில் போய் விழுந்தது.

பாறையிலிருந்து நூலாகக் கசிந்து வந்த ஆறு, கல்லில் முட்டி நின்றது.

"வழியை விடு! நான் யார் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்" என்றது கல். "சுத்திப் போ."

ஆறு சுற்றிப் போயிற்று.