கால் நடுக்கம்

"என்ரை கால் நடுங்கேல்லை. நடுங்கிறது கார். தம்பி, நீர் பாத்து இவருக்குச் சொல்லும்."

நீர்வேலியிலை கோகுலன்ரை கராச்சுக்குள்ளை காரைக் கொண்டுவந்து நிப்பாட்டினதும் செபஸ்தியம்மா சொன்ன முதல் கதை இதுதான். ஒரு வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கேல்லை. கோகுலனுக்கு விடியவே எரிச்சல் வந்திட்டுது.

மனுசிக்கு அறுபத்திரண்டு வயது. மயிலிட்டியிலை மீன்பிடிச் சங்கம் நடத்திற நேசறிப் பள்ளிக்குச் சின்னப் பிள்ளையளை ஏத்தி இறக்கிறது அவதான். கார் ஒரு பழைய ஒஸ்ரின். கொஞ்ச நாளாய் வெளிக்கிடேக்கை ஒரு துள்ளல், கியர் மாத்தேக்கை டொக்கெண்டு ஒரு அடி. பிள்ளையள் முன்சீற்றிலை போய் முட்டுதுகளாம். மனுசிக்குக் கால் நடுக்கம், கிளச்சை ஒழுங்காய் விட ஏலாது எண்டு சங்கத்திலை கதைச்சு, வாற திங்கள் தொடக்கம் வேறை ஆளைப் போடுறதெண்டு முடிவும் எடுத்தாச்சு.

கால் நடுங்கிற கிழவி எண்டு ஒருக்கால் பேர் எடுத்தால் பிறகு ஊரிலை ஆர் அவவை நம்பிப் பிள்ளையை ஏத்துவினம்? அதுதான் மனுசிக்குப் பொறுக்கேல்லை. கராச்சிலை காட்டிப் பாப்பம், நீரும் பக்கத்திலை நிண்டு பாரும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டு, சங்கத் தலைவர் யாகப்பரையும் கையோடை கூட்டிக்கொண்டு வந்திருந்தா.

யாகப்பர் மெல்லிய குரலிலை கதைக்கிற மனுசன்.

"எனக்கு அக்காவிலை கோவமில்லைத் தம்பி. பிஞ்சுப் பிள்ளையள் போற கார். ஒண்டு நடந்தால் பிறகு ஆர் பதில் சொல்லுறது?"

நியாயமான கதை எண்டுதான் கோகுலனுக்குப் பட்டது. அவனும் லேசுப்பட்ட ஆளில்லை, இருவது வருசமாய் எஞ்சினோடை மல்லுக்கட்டுறவன். பொம்பிளையள் ஓடுற கார் எண்டால் பாதி வருத்தம் கிளச்சிலைதான் எண்டு அவனுக்கு ஒரு எண்ணம், ஆர் சொல்லியும் மாறாது.

போனற்றைத் திறந்தான். ஹான்ட் பிறேக்கை இழுத்துப்போட்டு, பிறேக்கையும் உழக்கிக்கொண்டு, முதல் கியரிலை கிளச்சைச் சாதுவாய் விடச் சொன்னான். செபஸ்தியம்மா விட்டா. எஞ்சின் ஒரு பக்கமாய் எழும்பினது. றிவேசிலை விட, எழும்பினது தொப்பெண்டு இருந்தது.

"பாத்தீரோ, கால்" எண்டார் யாகப்பர்.

செபஸ்தியம்மா கதவைத் திறந்து இறங்கினா. "யாகப்பு, நீர் ஏறி இரும். உம்மடை கால் நல்ல கால்தானே."

அவர் பின்னடிச்சார். தனக்கு வேலை கிடக்குதெண்டார், நேரம் போகுதெண்டார். மனுசி கதவைப் பிடிச்ச பிடி விடேல்லை. கடைசியிலை வேறை வழியில்லாமல் ஏறிக் கிளச்சை விட்டார். எஞ்சின் முந்தினதை விடக் கூடத் துள்ளி விழுந்தது.

கோகுலன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எஞ்சினுக்குக் கீழை பலகைத் துண்டு ஒண்டை வைச்சு ஜக்காலை மெல்ல உயத்தினான். அங்கை கிடக்குது வருத்தம். எஞ்சினைத் தாங்கிற மவுண்டிங், அந்த ரப்பர் கட்டை, ஒரு பக்கத்திலை இரும்பை விட்டுக் கழண்டு வாயைப் பிளந்துகொண்டு நிண்டது. மற்றப் பக்கத்து ரப்பரும் வெடிச்சுக் காய்ஞ்சு போச்சு.

"அம்மாவின்ரை காலிலை ஒரு பிழையுமில்லை அண்ணை. மவுண்டிங் ரெண்டும் முடிஞ்சுது" எண்டு யாகப்பரிட்டைச் சொன்னான். சொல்லேக்கை அவனுக்கே கொஞ்சம் வெக்கமாய்க் கிடந்தது.

"திங்கக்கிழமையும் நான்தான் பிள்ளையளை ஏத்துவன்" எண்டா செபஸ்தியம்மா. ஆரிட்டையும் கேக்கேல்லை, சொன்னா.

அதோடை விட்டிருக்கலாம். கோகுலனுக்குக் கையும் வாயும் சும்மா கிடவாது. கழண்ட ரப்பரைத் தடவிப் பாத்தவன், காருக்குக் கீழை பூந்து பின் அச்சையும் பாத்திட்டு எழும்பினான். பழசானதாலை வெடிச்சது சரி, ஆனா இந்தப் பக்கம் தானாய்க் கழரேல்லை, ஒரே இழுவையிலை கிழிஞ்சிருக்குது எண்டான். பின் அச்சிலை நைலோன் கயிறு உரஞ்சின அடையாளம் கிடந்தது. அந்தத் தடத்துக்குள்ளை கடல் மணல் வேறை.

"பிள்ளையள் போற காரிலை மீன்பிடிப் போட்டைக் கட்டிக் கரைக்கு இழுத்திருக்கிறியள். ஆர் பாத்த வேலை இது?"

யாகப்பர் வெளியாலை றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"நான்தான்" எண்டா செபஸ்தியம்மா. குரல் கொஞ்சமும் இறங்கேல்லை. "போன மாசம் காத்தடிச்ச அண்டைக்கு இழுத்தனான். என்ரை கார், நான் இழுப்பன். ஆர் என்னைக் கேக்கிறது?"

கோகுலனுக்குப் பொல்லாத கோவம் வந்திட்டுது. இவ்வளவு நேரமும் பாவமெண்டு நினைச்ச மனுசி, தானே காரை முறிச்சுப்போட்டுத் தானே சண்டைக்கும் வந்து நிக்கிறா. நல்லாய் நாலு கேள்வி கேட்டான். வயதுக்கேத்த புத்தி வேண்டாமோ எண்டான். கழண்ட எஞ்சினோடை பிள்ளையளை ஏத்தித் திரிஞ்சிருக்கிறியள், தலைவர் ஆளை மாத்தினதிலை என்ன பிழை எண்டான். மனுசி முகத்தை நிமித்தி வைச்சுக்கொண்டு எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு நிண்டா.

"காணும் தம்பி, அவவைப் பேசாதையும்" எண்டார் யாகப்பர். றோட்டிலை இருந்து கண்ணை எடுக்கேல்லை.

"மீனுக்கு ஐஸ் ஏத்தப் போறன் எண்டு பொய் சொல்லி அண்டைக்குக் கார்த் திறப்பை வாங்கினது நான். அவவிட்டைப் போட்டே இல்லை."