சீல் குத்த ஓர் இடம்

நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்கு முன்னால் முப்பத்தியொரு வக்கீல்கள் கறுப்பு அங்கியோடு வெயிலில் வெந்துகொண்டு நிற்கிறார்கள். தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர்களுக்காக வாதாடினால் உரிமம் பறிபோகும் என்கிற அரசாங்க உத்தரவு, பக்கத்துச் சுவரில் பசை காயாமல் மினுங்குகிறது. வரிசையில் முதலாவதாக நிற்கும் குள்ள வக்கீலம்மா, கைக்குழந்தையோடு முகாமில் கிடக்கும் ஒருத்திக்காக வாதாட அனுமதிக்கும் வக்காலத்துத் தாளை உள்ளே நீட்டுகிறார். நடுவில் அந்தத் தாயின் ஊதாக் கைநாட்டு. அதைச் சுற்றி, ஓரங்களிலும் பின்பக்கத்திலும், முப்பத்தியொரு கையெழுத்துகள். ஒருவர் உரிமத்தைப் பறித்தால் அடுத்தவர் எழுந்து வாதாடலாம் என்று காலையில் கூடிப் பேசிவைத்த ஏற்பாடு இது. கைப்பைக்குள் மகளின் அழைப்பு ஏழாவது முறையாக அதிர்கிறது. 'நீ மட்டும் ஏம்மா முன்னால நிக்கணும்?' என்று அவள் விடிந்ததுமே அழுதாயிற்று. ஜன்னலுக்குள் குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "எள்ளு போட இடமில்லாம எழுதி வச்சிருக்கீங்களேம்மா, நான் சீலை எங்க குத்துறது? திருப்பி எடுத்துட்டுப் போங்க." வக்கீலம்மா கம்பிக்குள் கையை விட்டு, முதல் கையெழுத்தின் மேல் விரலை ஊன்றுகிறார். "இது என் பேருதான். இது மேலயே ஓங்கிக் குத்துங்க சார்."