ரசிகனுக்கு ஒரு சேர்

“அந்த மொட்டைமாடிய மொதல்ல காலி பண்ணோணும்!”

கபடிப் போட்டிக் கமிட்டித் தலைவர் கதிர்வேலுக்குக் கண் சிவந்துவிட்டது. பின்னே? ‘ஏழை ரசிகனும் சேரில் சாய்ந்து உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான்’ என்று பல்லடம் முழுக்க ஃப்ளெக்ஸ் வைத்தவர் அவர். ஐம்பதே ரூபாய் டிக்கெட், சுற்றிலும் ஃபேன், சினிமா தியேட்டர் கணக்காக எல்இடி திரை. இவ்வளவும் செய்து, மைதானத்தைச் சுற்றித் தகரம் வேறு அடித்தால், பக்கத்து வீட்டு ஜாஹிதாவின் மாடியில் ஊரே ஏறி விசிலடிக்கிறது!

“நம்ம ஆட்டத்த வெச்சு அந்தப் புள்ள வசூல் பண்ணுதாக்கும்?”

செயலாளர் அருண்குமார் தலையைச் சொறிந்தான். “டிக்கெட் வாங்குனவங்களுக்கே சேர் இல்லீங்ணா. பூராத்துலயும் விஐபிங்க உக்காந்துட்டாங்க.”

அதுதான் கதிர்வேலின் வியாதி. பெரிய மனுசர் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. மாமன், மச்சான், பங்காளி, கோழித் தீவன ஏஜெண்டு என்று எல்லோருக்கும் “அதுக்கென்னுங்க, பாஸ் வாங்கிக்குங்க”தான். ரசிகர் சேர் அத்தனையும் விஐபி சேராகிப் போனது. டிக்கெட் எடுத்தவன் பின்னால் நின்று விஐபிகளின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் சம்பந்தி குமாரசாமி ரெண்டு பாஸ் கேட்டார். கைவசம் ஒன்றும் மிச்சமில்லை. ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்ததில் ரெண்டை எடுத்து நீட்டிவிட்டார்.

“ஆட்டக்காரனுக்கு எதுக்குடா சேரு? அவன் ஆடத்தான போறான்?” என்று ஒரு சிரிப்பு வேறு.

இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. “பத்திரிகைக்காரங்க வந்துட்டிருக்கறாங்க. சேர்ல இருக்கறவன் கொட்டாவி உடறான், மாடியில இருக்கறவன் கூத்தாடறான். இத போட்டோ எடுத்துப் போட்டான்னா எம் மானம் என்னத்துக்காகறது? இரு, நானே போயி எறக்கி உட்டுட்டு வாரேன்.”

மாடிப்படி நெடுக செருப்புகள். மேலே போனால், சின்னக் குழந்தைகள் முன்னால் சம்மணம் போட்டிருந்தன. அதற்குப் பின்னால் பெண்கள். நெட்டையான ஆட்கள் கடைசியில் நின்றார்கள். ஜாஹிதா குடத்திலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்ணா, நீங்களும் பாக்க வந்துட்டீங்களா?”

“ஏனம்மிணி, தலைக்கு எவ்வளவு வாங்கற?”

“அட ஏனுங்ணா, ஆட்டம் பாக்க வந்தவங்ககிட்டப் போயி காசு வாங்குவாங்களா? ஒசரமானவங்க பின்னால நின்னுக்கோணும். அவ்வளவுதானுங்க நம்ம சட்டம்.”

கதிர்வேலுக்குச் சுருக்கென்றது. இவளிடம் பேசி ஆகாது. யாராவது ஒரு ஆளை இறக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக இறங்கிவிடும் என்று கண்ணால் துழாவினார். ஓரமாக, மடியில் துணிப்பையோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரி. வம்புக்கு வரமாட்டாள்.

கொங்குநாட்டில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ‘ங்க’ போட்டுத்தான் தள்ளுவார்கள்.

“அம்மிணி, கொஞ்சம் கீழ எறங்கிக்கறீங்களா?”

“பைனல் மட்டும் பாத்துட்டு எறங்கிக்கறனுங்க. இதுக்குன்னே கிணத்துக்கடவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தனுங்க.”

“கீழ வந்து கௌரவமா பாருங்க. உங்களாட்டம் ரசிகருக்குன்னுதான் இத்தன செலவு பண்ணியிருக்கறோம்.”

“கேட்டுல உடமாட்டேங்கறாங்களே...”

“டிக்கெட் எடுத்தா உடுவாங்க. ஓசியிலயே பாக்கோணும்ன்னா எப்படீங்க?”

அந்தம்மாவின் முகம் சுண்டிப்போனது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தைகள்கூட விசிலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தன. நினைத்தது நடந்துவிட்ட திருப்தியில் கதிர்வேல் மீசையைத் தடவினார்.

அப்போது கீழே மைக்கில் அருண்குமாரின் குரல்.

“இதோ, நமது தலைவர் கதிர்வேல் அவர்களின் சொந்த யோசனையில் உதித்த ‘தாய்க்கு மரியாதை’! கிணத்துக்கடவு அணியின் சிங்கம் பிரான்சிஸைப் பெற்ற அம்மா மரியபுஷ்பம் அவர்களைப் பொன்னாடை ஏற்க மேடைக்கு அழைக்கிறோம்!”

“கேட்டீங்களா?” என்றார் கதிர்வேல் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி. “எந்த ஊர்லயாச்சும் இப்படிச் செய்வாங்களா?”

படியில் ஒரு கால் வைத்த அந்தப் பெண்மணி அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னத்தானுங்க கூப்படறாங்க.”

கதிர்வேலுக்கு ஒன்றும் புரியவில்லை.

“பாஸ் இருக்குது, வந்துருன்னு பையன் சொன்னானுங்க. இங்க வந்து கேட்டா, காத்தால ஆரோ பெரிய மனுசருக்கு எடுத்துக் குடுத்துட்டாங்களாமுங்க. டிக்கெட்டும் தீந்துபோச்சுன்னாங்க. இந்தப் புள்ளதான் மேல கூப்புட்டுச்சு.”

கதிர்வேல் அவசரமாக அந்தத் துணிப்பையை வாங்கக் கை நீட்டினார். “வா... வாங்கம்மா, நானே கூட்டிட்டுப் போறேன்...”

மைக் மறுபடி முழங்கியது. “அம்மா அவர்கள் வர இயலாததால், அன்னாரின் சார்பில், தலைவரின் சம்பந்தி குமாரசாமி அவர்கள் பொன்னாடையை ஏற்றுக்கொள்வார்!”

எல்இடி திரை முழுக்கக் குமாரசாமி. தோளில் ஜரிகைப் பொன்னாடை, முகத்தில் பெற்ற தாயின் பூரிப்பு. கீழே பிரான்சிஸ் தொடையைத் தட்டுவதை விட்டுவிட்டு, விஐபி வரிசையில் ஒவ்வொரு சேராகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

“டேய் பிரான்சிஸு, உங்கம்மா இங்க இருக்குது!” என்று மாடியே கத்தியது. அவன் நிமிர்ந்தான். அவனோடு சேர்ந்து கீழே இருந்த பத்திரிகைக் கேமராக்களும் நிமிர்ந்தன.

ஜாஹிதா உள்ளே ஓடி, வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் சேரைத் தூக்கிவந்து முன்னால் போட்டாள். “உக்காருங்கம்மா.”

“அம்மிணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கீழ வந்து நம்ம பக்கத்துலயே உக்காருங்க. தெளிவா பாக்கலாம்...” என்று கெஞ்சினார் கதிர்வேல்.

மரியபுஷ்பம் அந்தச் சேரில் உட்கார்ந்துகொண்டாள். கீழே மகனைப் பார்த்தாள், திரையில் சம்பந்தியைப் பார்த்தாள், கடைசியாகக் கதிர்வேலைப் பார்த்தாள்.

“வேண்டாமுங்க. இங்கிருந்து பாத்தா எல்லாரும் நல்லாத் தெரியறீங்க.”