ங நிறைந்த மொழி

சமுத்திரத்துக்கு எழுத்து மறந்துபோய்விட்டது.

மகன் எழுதிய கதைப்புத்தகம் மடியில் விரிந்து கிடந்தது. நைட் ஷிப்ட் முடிந்து மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்தவர், ஒரே வரியில் விரலை வைத்துக்கொண்டு திணறினார். 'அங்ஙா எஞ்ஞிஞாஞா.' எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் ஒரு சொல்லும் தேறவில்லை.

தலை நரைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த எழுத்து. 'ங' கைக்கு வராமல் தவித்தபோது, "அத விடுங்க அண்ணாச்சி, அது தனியா எங்கயும் வராது" என்று ஞானபாக்கியம் டீச்சர் சொல்லியிருந்தார். இந்தப் புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் அதுதான் வந்து மறித்தது.

கௌதம்ராஜ் இன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து பேசுவான். "படிச்சீங்களாப்பா?" என்பான். சாப்பாட்டை விசாரிப்பதைத் தாண்டி அவன் அப்பாவிடம் கேட்கிற ஒரே கேள்வி அது. போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் ஏதோ சொல்லி மழுப்பியாகிவிட்டது. இன்றைக்காவது ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்.

"என்ன அண்ணாச்சி, பரீட்சையா?" கூட வேலை பார்க்கும் பெலிக்ஸ் டீயோடு வந்து உட்கார்ந்தான்.

"இது என்ன பாசைன்னு பாருலே. தெலுங்கான்னு, வீட்டுல அது பேசுற ராஜாக்கமார் கடையில கேட்டேன், இல்லைன்னுட்டாக. மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளமும் இல்லையாம்."

பெலிக்ஸ் சிரித்தான். "எந்த ஊரு பாசையும் இல்ல. கதையில வார மலைக்காரங்களுக்காக உங்க மகன் சொந்தமாச் செஞ்சது."

"பாசைய எப்படிலே செய்வாக? நூலா அது, மிசின்ல போட்டு எடுக்க?"

"எம்மவ ஹெப்சிபா இந்த வரியச் சொல்லிக்கிட்டேதான் வீட்டச் சுத்துதா. அர்த்தம் தெரியாதாம். சொன்னா அழுக வருதாம். கௌதம் சின்னதுல இப்படித்தான் மழலை பேசுனானோ?"

"அவனுக்குப் பேச்சு தண்ணியா வரும். வராதது சின்னவளுக்குத்தான். ஒரு சொல்லு பேசாமலே காய்ச்சல்ல போயிட்டா."

பெலிக்ஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "கதை புரியுதுல்ல?"

"அது புரியுது. குகைக்குள்ள ஒரு பூதம் தூங்குது. அது முழிச்சிரக் கூடாதுன்னு ஊரே வாயப் பொத்திக்கிட்டு நடக்கு. அந்தியில ஒரு சின்னப்புள்ள மட்டும் குகை வாசல்ல வந்து நின்னு இந்த வரியச் சொல்லுது. அந்த எருமப் பூதம் எந்திச்சு, பதிலே சொல்லாம புள்ளையத் தாண்டிப் போயிருது. ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா போயிருவான்?"

"பூதத்துக்கு அந்தப் பாசை தெரியாதோ என்னமோ. நீங்க அர்த்தம் தேடாதீக அண்ணாச்சி. வாய்விட்டுப் படிங்க, அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடுப்படியில் மனைவி பாண்டீஸ்வரி அவருடைய தூக்குவாளியில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. சமுத்திரம் பாயில் உட்கார்ந்தபடியே புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தார்.

"அங்…ஙா… எஞ்…ஞி…ஞா…ஞா."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. பாண்டீஸ்வரி வாசற்படியில் வந்து நின்றாள்.

"இத யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

"யாரு சொல்லிக்குடுக்கணும்? உம்மவன் புஸ்தகத்துல இருக்கு. அர்த்தமே இல்லாத பாசையாம்."

"இன்னொருக்கப் படிங்க. இழுக்காம."

விரலை எடுத்துவிட்டு ஒரே மூச்சில் படித்தார். அவள் பாயின் ஓரத்தில் அவர் தலைமாட்டுப் பக்கமாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. கௌதம்தான். எடுக்கப் போன அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"'அப்பா எந்திச்சாச்சா'ன்னு தெனமும் அந்தியில நம்ம சின்னவ இங்க வந்து நின்னு, அந்த மூக்குப் பேச்சுல கேப்பாளே."