செய்தி வராத நம்பர்

"எஸ்எம்எஸ் வராத நம்பரா ஒண்ணு குடு தம்பி," என்றாள் சபோஹத்.

பஞ்ச்ஷன்பே சந்தையின் பின்வரிசையில் நான் இணைய நம்பர் விற்கிறேன். மாஸ்கோ நம்பர்தான். அங்கே வேலைக்குப் போனவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் கூப்பிட்டால் இங்கே குஜந்தில் மணி அடிக்கும். பேச்சும் செய்தியும் சேர்ந்து வருவதைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

"பத்து சோமோனி கூடப் போட்டா ரெண்டும் வரும், பெரியம்மா."

"வராததக் கேட்டா வர்றதையே விக்கிறியே. இருக்கா, இல்லையா?"

முக்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். கண்ணாடிப் பெட்டியை விரலால் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள்.

வாசலில் மவ்லூதா முக்காட்டு நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். நம்பர் அவளுக்குத்தான். புருஷன் ஷுஹ்ரத் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். நோன்புப் பெருநாளிலிருந்து ஊர் நம்பர் எதையும் அவன் எடுப்பதில்லை. அங்கே வேறொருத்தி இருப்பதாகப் பேச்சு.

எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது அந்தச் செய்தி. தலாக், தலாக், தலாக். ஒரே வரி. அன்று சாயங்காலமே பெண் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

மவ்லூதாவின் பழைய சிம் தந்தூர் அடுப்பில் விழுந்துவிட்டதாம்.

"அது எப்படி விழுந்துச்சு?"

"நான் போட்டேன், விழுந்துச்சு," என்றாள் சபோஹத்.

வீட்டுத் தொலைபேசி நம்பர் மாதிரி ஒன்று இருந்தது. பேசலாம், செய்தி ஏறாது. அதை ஒரு பட்டன் போனோடு இணைத்தேன்.

"அவன் போன்லயே சொல்லிட்டான்னா?" கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"சொல்ல விட்டாத்தானே! வாயத் திறக்கறவன மறிச்சுப் பேசலாம். அழலாம், திட்டலாம். எழுத்து வந்து விழுந்தா அத என்ன பண்றது?"

பெண்ணைப் பெற்றவள் வயிறு இப்படித்தான் எரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம்பர் தயாரானதும், இப்போதே கூப்பிட வேண்டும் என்றாள் சபோஹத். அவன் போனில் மாஸ்கோ நம்பர் என்றுதான் காட்டும். வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துவிடுவான். அவன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். நான் கணினியிலிருந்து அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டேன்.

மணி போனது. மவ்லூதா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்டது.

"அலோ, யாரு?"

கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"உன்னப் பெத்தவடா," என்றாள் சபோஹத். "வைக்காத. என் மருமக பேசணுமாம்."