எவ்வளவு பாரம் தாங்கும்?

ஆர்விட்டுக்கு இடுப்பில் யாரோ ஆணி இறக்குவது போல வலித்தது. காலையிலிருந்து மூஸ் மான் கறியைத் துண்டு துண்டாகத் தன் சின்ன விமானத்திலிருந்து இறக்கிப் போட்ட வலி. சக்கரத்தில் சாய்ந்து உட்காரலாம் என்று பார்த்தால், விமானம் வாங்க வந்தவள் நகர்வதாக இல்லை.

எலும்பு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்தை விற்றால்தான் ஆபரேஷன். பனி இறங்கிவிட்டால் அலாஸ்காவின் இந்த மூலைக்கு விமானம் வாங்க எவனும் வரமாட்டான்.

வெர்னா என்று பேர் சொன்னாள். கடலோரத்து மீன் ஆலையில் வேலை என்றாள். கையைப் பார்த்தால் பொய் இல்லை. விரலெல்லாம் கத்திக் கீறல், உப்பு வெடிப்பு. ஆனால் விமானம் வாங்க வருகிறவர்கள் முதலில் இன்ஜின் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். இவள் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஆறடி ஆளு காலை மடக்கி உட்கார முடியுமா?"

"சாமானை இறக்கிட்டா படுத்துக்கிட்டே வரலாம். முதல்ல இன்ஜினைப் பாரும்மா."

"இன்ஜின் நல்லாத்தான் ஓடுது. நீங்க வந்து இறங்கினதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

அவருக்கு உறுத்தியது. ஆற்றுக்கு அக்கரையில் வாடகை விமானம் ஓட்டும் டூலி அனுப்பிய ஆளோ? குறை கண்டுபிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டு, கடைசியில் அடிமாட்டு விலைக்குக் கேட்பது அவன் வழக்கம்.

"உன்னை டூலி அனுப்பினானா?"

"யாரும் அனுப்பலை. அவர்கிட்டயும் ஒண்ணு விலைக்கு இருக்குன்னாங்க, போய்ப் பார்த்தேன். உங்க விமானம் பாரம் தாங்காதுன்னு ஊர்ல பேச்சு இருக்காம். அவரு சொன்னாரு."

ஆர்விட் சிரித்தார். சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அவன் வச்சிருக்கிறது விமானமா? காத்தாடி. ஒரு ஆளு ஏறினா அவன் சாப்பாட்டு டப்பாவுக்கு இடம் இருக்காது. ஊரைச் சுத்திப் பார்க்கணும்னா அதை வாங்கு. ரோடு இல்லாத காட்டுக்குள்ள இறங்கணும்னா இதான். டயரைப் பாரு, ஒவ்வொண்ணும் கரடிக்குட்டி மாதிரி. கல்லு, சேறு, மணல், எதுக்கும் அஞ்சாது."

"நான் சொல்ற இடத்துல ஓடி எழும்ப நீளம் ரொம்பக் கம்மி. முழங்கை வளைவு மணல்திட்டு."

டயரைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஆற்றின் நடுவில் கிடக்கும் அந்தத் திட்டு மீன் ஆலைக்காரிக்குத் தெரிய நியாயமில்லை. போன வருஷத்துக்கு அப்புறம் அவரே அங்கே இறங்கியதில்லை.

"அங்க உனக்கு என்ன வேலை?"

"ஆளை ஏத்திட்டு வரணும்."

வாடகைக்கு ஓட்டப் போகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டார். டூலியோடு கூட்டாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், காசு வந்தால் சரி.

"எத்தனை ஆளு?"

"ஓட்டுறவரைச் சேர்க்காம ரெண்டு. அதோட ஒரு பெரிய மூஸ் கொம்பு. அந்தத் திட்டுல இருந்து அவ்வளவையும் தூக்கிட்டு எழும்புமா?"

"ஏன் எழும்பாது?"

"பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சுன்னு வச்சுக்கங்க."

பனிப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஜாக்கெட்டின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

"சரி பெரியவரே. யோசிச்சு சொல்றேன். அக்கரைக்குப் போற படகு எத்தனை மணிக்கு?"

ஆபரேஷன் படகேறிப் போவது அவர் கண்ணில் தெரிந்தது.

"நில்லும்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு ஆளு, கொம்பு, மேல ரெண்டு மூட்டை கறியையும் போடு. பனி கொட்டினாக் கொட்டட்டும். பாதித் திட்டு ஓடுறதுக்குள்ள மேல தூக்கிரும். இன்னிக்கு எவ்வளவு கறி இறக்கினேன்னு நீதான் பார்த்தியே. ரெண்டு ஆளு எடைக்குக் குறையாது."

"விக்கிறதுக்காகச் சொல்றீங்க."

"இருபது வருஷமா ஓட்டுறேன். இது என்ன தூக்கும், என்ன தூக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஏறு. இப்பவே அங்க இறக்கிக் காட்டுறேன். அப்புறம் அந்த டூலி பேரை எடுக்கக் கூடாது."

அவள் ஏறினாள். முன்சீட்டைக் காட்டியும் பின்சீட்டிலேயே போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வியாபாரம் முடிந்த மாதிரிதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஆர்விட் சாவியில் கை வைத்தார்.

"அப்ப விசாரணையில எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தம் போடவில்லை, விலை கேட்ட அதே குரல்தான்.

"எந்த விசாரணை?"

"வேட்டைக்கு வந்த பணக்காரனையும் கொம்பையும் ஏத்திக்கிட்டு, சுமை தூக்கினவனை அந்தத் திட்டுலயே விட்டுட்டு வந்தீங்களே. இன்னொரு ஆளு ஏறினா எழும்பாது, அதான் விட்டுட்டு வந்தேன்னு எழுதிக் கொடுத்தீங்க. அவங்களும் நம்பிட்டாங்க."

சாவி திரும்பவில்லை. ஆர்விட்டுக்கு இடுப்பு வலி தெரியவில்லை.

"ஒரு மணி நேரத்துல திரும்பி வர்றேன்னு அவன்கிட்ட சொன்னீங்க. பனி உருகினப்புறம் அவனோட பூட்ஸ்தான் கிடைச்சுது."

"நீ விமானம் வாங்க வரலையா?"

"இல்லை. என் தம்பியை ஏத்திட்டு வர்ற ட்ரிப் ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு."