முந்திப் போனவள்

"உங்க சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டாங்கய்யா. கர்த்தர்கிட்ட பத்திரமா இருக்காங்க. வாயைத் திறங்க, கஞ்சி ஆறுது."

கதவோரம் நின்றிருந்த டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டீச்சர் ரிட்டயர் ஆனவர். புதன்கிழமை தவறாமல் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து, அறை அறையாக ஜெபம் செய்துவிட்டுப் போவார். இந்த அறைக்கு இன்றுதான் முதல் தடவை. உள்ளே இருப்பவர் லாரி மெக்கானிக்காக இருந்தவர். மறதி நோய்.

"ஆனா குடுத்து வச்சவர் டீச்சர். ஒருநாள் விடாம பொண்டாட்டி வந்து பார்த்துட்டுப் போறாங்க" என்று நர்ஸ் இப்போதுதான் சொல்லி அனுப்பினாள்.

இங்கே நீல ஏப்ரன் கட்டிய ஆயா, அந்தப் பொண்டாட்டியைக் கொன்றே போட்டுவிட்டாள்!

பெரியவரின் உதடு பிதுங்கியது. குழந்தை மாதிரி அழுதார். ஆயா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கஷ்டப்பட்டாளா?"

"இல்லய்யா. தூக்கத்துலயே."

"அப்ப சரி. ஆண்டவர் நல்லாத்தான் வச்சிருப்பார்." கொஞ்சம் யோசித்தார். "முந்திக்கிட்டா பாரு. எதுலயும் அவதான் முந்தி. இந்நேரம் அங்க எல்லா ரூமையும் கூட்டிப் பெருக்கி வச்சிருப்பா. நான் போய் நின்னதும், 'கிரீஸ் காலோட உள்ள வராதீங்க'ம்பா."

"சொல்லாம விடுவாங்களா?"

பெரியவர் சிரித்தார். வாயைத் திறந்தார்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. சின்னப் பசங்க புளுகினாலே பெஞ்சு மேல் ஏற்றிய ஆள் அவர். நாலு வாய் கஞ்சி இறங்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷியைச் சாகடிப்பதா? அதுவும் கர்த்தர் பேரைச் சொல்லி?

விறுவிறுவென்று உள்ளே போனார்.

"ஐயா, இவ சொல்றதை நம்பாதீங்க. உங்க மனைவிக்கு ஒண்ணும் ஆகல. உயிரோட நல்லா இருக்காங்க!"

"ஐயோ, டீச்சர்..." ஆயா பதறி எழுந்தாள்.

பெரியவரின் முகத்தில் விளக்கு எரிந்தது. அதே வேகத்தில் அணைந்தது.

"இருக்காளா? அப்ப ஏன் என்னைப் பார்க்க வரல?"

"வர்றாங்களேய்யா, தினமும்..."

"யாரு வந்தா? நான் என்ன குருடா? ஒருநாள்கூட வரல அவ! என்னை இங்க தள்ளிட்டுப் போயிட்டாளா? நான் என்ன பாவம் பண்ணேன் அவளுக்கு?"

கட்டிலை விட்டு இறங்கினார். கிண்ணம் உருண்டது. குறுக்கே வந்த ஆயாவைப் பிடித்துத் தள்ளினார்.

"நகரு கிழவி! நான் அவளைக் கேக்கணும். நேருக்கு நேரா கேக்கணும்."

செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு கதவு வரை போனவர், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது.

டீச்சர் குனிந்து, உருண்ட கிண்ணத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

சுவரில் இடித்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டே ஆயா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, டீச்சர் வேற யாரையோ நெனச்சு சொல்லிட்டாங்க. உங்க சம்சாரம் உங்களை அம்போன்னு விட்டுட்டுப் போற ஆளா? ஆண்டவர் கூப்பிட்டார், போனாங்க. இல்லன்னா உங்களைத் தனியா விடுவாங்களா?"

"விட மாட்டா" என்றார் பெரியவர். "அவ விடவே மாட்டா."

அவரே திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

தரையைத் துடைத்து, தூக்குச்சட்டியில் மீதி இருந்த கஞ்சியையும் ஊட்டிவிட்டு ஆயா வெளியே வந்தாள். டீச்சர் வராந்தாவில் காத்திருந்தார். குரல் இறங்கியிருந்தது, கோபம் முழுக்க இறங்கவில்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லி உன் சீட்டைக் கிழிக்கணும்னுதான் நின்னேன். என்ன இருந்தாலும் பொய் பொய்தானேம்மா?"

"பொய்தான் டீச்சர். முதல்ல நிஜத்தைத்தான் சொல்லிப் பார்த்தோம். அந்தம்மா முன்னால வந்து 'நான்தாங்க'ன்னு நின்னா, 'யாருடி நீ, என் பொண்டாட்டின்னு சொல்லி ஏமாத்தப் பாக்கறியா'ன்னு கையை ஓங்கிட்டார். அவர் மனசுல இருக்கறது கல்யாணமான புதுசுல பார்த்த முகம்."

"சரி..."

"வீட்டுல இருக்காங்க, வருவாங்கன்னு சொன்னா, விட்டுட்டுப் போயிட்டான்னு பச்சத்தண்ணி பல்லுல படாம கிடந்தார். ஒருநாள் அவரே, 'செத்துட்டாளா?'ன்னு கேட்டார். என்ன சொல்றதுன்னு தெரியாம ஆமான்னுட்டேன். அழுதார். அப்புறம், 'அப்ப அங்க போய்ப் பார்த்துக்கலாம்'னு சொல்லிட்டு எழுந்து உக்காந்து சாப்பிட்டார். எல்லாம் மறந்துபோச்சு டீச்சர். பரலோகம் மட்டும் மறக்கல."

டீச்சர் பைபிளை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். இத்தனை புதன்கிழமைகளில் தான் பரலோகத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டு யாராவது எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"அதெல்லாம் சரிம்மா. தான் செத்துட்டதா நீ தினம் தினம் சொல்றது அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சா, அவ மனசு என்ன பாடுபடும்? அதை யோசிச்சியா?"

"படத்தான் செஞ்சுது டீச்சர். நர்ஸ்கிட்ட இந்த ஏப்ரனை இரவல் வாங்கிக் கட்டிக்கிட்ட அன்னிக்கு ரொம்பவே பட்டுது. இங்க அவருக்கு என்னை அடையாளம் தெரியலைன்னா போகட்டும்... அங்க போனா தெரியும்ல?"